அஃபிலியேட் பார்ட்னர் மனம் கோணினால் எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக

ஈரோடு பக்கம் சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், செக்கு எண்ணெய் விற்கும் சில சின்ன ஆன்லைன் கடைகளுக்கு அஃபிலியேட் வேலையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதாவது, வெளியாட்கள் தங்களுக்கென்று கொடுத்த லிங்க் வழியாக விற்றுக் கொடுத்தால் அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும் ஏற்பாடு; அவர்களைத்தான் பார்ட்னர் என்கிறோம். சமையல் சேனல் நடத்துபவர்கள், டெலிகிராமில் ஆஃபர் போடுபவர்கள், வீட்டுக் குறிப்பு எழுதுபவர்கள் என்று பார்ட்னர்கள் பல ரகம். ஆனால் வருகிற புகார்கள் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். போன மாதம் ஒருவருக்குச் சரிசெய்ததை இந்த மாதம் இன்னொருவருக்குச் சரிசெய்துகொண்டிருப்பேன். அதனால் எந்தப் புகார் வந்தால் எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். காசு செலவாகாத காரணங்கள் முதலில், செலவு வைப்பவை கடைசியில்.

ஆரம்பிக்கும் முன் மூன்று பட்டியல் கையில் வேண்டும்: கடையில் விழுந்த ஆர்டர்கள், அஃபிலியேட் டேஷ்போர்டில் (எந்தப் பார்ட்னருக்கு எத்தனை கிளிக், எத்தனை ஆர்டர் என்று காட்டும் பக்கம்) உள்ள ஆர்டர்கள், வங்கியிலிருந்து பார்ட்னருக்குப் போன பணம். மூன்றும் ஒரே மாதத்துக்கு உரியவையாக இருக்கட்டும். இவற்றை அருகருகே வைத்துப் பார்க்காமல் பார்ட்னருக்குப் பதில் சொல்லாதீர்கள். "செக் பண்ணிச் சொல்றேன், நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள கூப்பிடறேன்" என்று நேரம் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தில் கூப்பிடுங்கள். பார்ட்னர் மேல் சந்தேகப்படுவதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் தப்பு நம் பக்கம்தான் இருந்திருக்கிறது.

## அறிகுறி 1: "என் லிங்க்ல வாங்கினாங்க, கணக்குல வரல"

தேனிப் பக்கம் சமையல் சேனல் நடத்தும் ஒரு அக்கா ஒருநாள் ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கூப்பிட்டார். "தம்பி, என் சொந்தத் தங்கச்சிதான் என் லிங்க்கத் தொட்டு ரெண்டு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கினா. பக்கத்துல நின்னு பார்த்தேன். அதுகூட வரலைன்னா மத்ததெல்லாம் எங்க போச்சு?" என்றார். நியாயமான கேள்வி. இந்த ஒரு புகாரில்தான் அதிகப் பார்ட்னர்களை இழக்கிறோம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தேதியில், அந்தப் பார்ட்னர் பெயரில் கிளிக் பதிவாகியிருக்கிறதா?

### 1அ. கிளிக்கே பதிவாகவில்லை

பார்ட்னர் போட்டிருக்கும் இடத்துக்கே போய், அங்கிருக்கும் லிங்க்கை உங்கள் போனில் தொடுங்கள். உங்களிடம் இருக்கும் லிங்க்கைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடைப் பக்கம் திறந்ததும் மேலே முகவரியைப் பாருங்கள். பார்ட்னரின் அடையாளக் குறி அதன் வாலில் இன்னும் இருக்கிறதா?

குறி காணாமல் போகச் சாதாரணக் காரணங்கள் இவை. பார்ட்னர் லிங்க்கைக் கையால் தட்டச்சு செய்தபோது ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். நீங்கள் பொருளின் பக்கத்துக்குப் பெயர் மாற்றியிருப்பீர்கள். பழைய முகவரி புதியதற்குத் தள்ளிவிடும், ஆனால் தள்ளும்போது வாலை உதிர்த்துவிடும். அல்லது லிங்க்கைச் சுருக்கிய சேவையே மூடப்பட்டிருக்கும். கூகுள் தன் ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க் சேவையை 2025 ஆகஸ்ட் 25 அன்று நிறுத்தியது. அதற்கு முன் அதில் சுருக்கிய லிங்க்குகள் பழைய வீடியோக்களின் கீழே உயிரில்லாமல் கிடக்கின்றன. இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய வீடியோவிலிருந்து இன்றும் ஆர்டர் வருவது சமையல் சேனல்களில் சகஜம். ஆகவே பழைய வீடியோக்களையும் தொட்டுப் பாருங்கள்.

இவை எல்லாம் பத்து நிமிட வேலை. பார்ட்னருக்குச் சரியான லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி, எந்தெந்த வீடியோவில் மாற்ற வேண்டும் என்று நீங்களே பட்டியல் போட்டுக் கொடுங்கள். "எல்லா இடத்துலயும் மாத்திக்கோங்க" என்று மட்டும் சொன்னால் அது நடக்காது.

### 1ஆ. கிளிக் இருக்கிறது, ஆர்டர் இல்லை

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நான் பார்க்கும் வரிசையில் சொல்கிறேன்.

ஒன்று, பணம் செலுத்திய வழி. கடையின் மொத்த ஆர்டர்களில் யுபிஐ எவ்வளவு, கேஷ் ஆன் டெலிவரி எவ்வளவு என்று எண்ணுங்கள். பிறகு அஃபிலியேட் டேஷ்போர்டில் பதிவான ஆர்டர்களில் மட்டும் அதையே எண்ணுங்கள். கடையில் பாதிக்கு மேல் யுபிஐயாக இருந்து, டேஷ்போர்டில் கிட்டத்தட்ட எல்லாமே கேஷ் ஆன் டெலிவரியாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பல கடைகளில் "ஆர்டருக்கு நன்றி" என்ற பக்கம் திறக்கும்போதுதான் விற்பனை அஃபிலியேட் கணக்கில் ஏறும். யுபிஐயில் வாங்குபவர் கூகுள் பே, போன்பே என்று வேறு ஆப்புக்குப் போகிறார், பணம் போனதும் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிடுகிறார். நன்றிப் பக்கம் திறக்கவே இல்லை. பணம் உங்களுக்கு வந்துவிட்டது, பொருளும் அவருக்குப் போய்விட்டது, பார்ட்னருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. தேனி அக்காவின் தங்கைக்கு நடந்தது இதுதான். அந்தக் கடையில் இது எவ்வளவு நாளாக நடந்தது என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நாலு மாதம்.

இரண்டு, ஆப்புக்குள் திறக்கும் பிரவுசர். இன்ஸ்டாகிராமில் லிங்க்கைத் தொட்டால் அது அந்த ஆப்புக்குள்ளேயே ஒரு பிரவுசரில் திறக்கும். பார்ட்னரின் குக்கி, அதாவது யார் லிங்க்கிலிருந்து வந்தார் என்று பிரவுசர் வைத்துக்கொள்ளும் சின்னக் குறிப்பு, அங்கே பதியும். வாங்குபவர் "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வாங்கலாம்" என்று மூடிவிட்டு, மறுநாள் குரோமில் கடைப் பெயரைத் தேடி வந்து வாங்கினால் அந்தக் குக்கி இங்கே இருக்காது. இதை முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பார்ட்னருக்கும் தனி கூப்பன் குறியீடு கொடுத்து, அந்தக் குறியீடு பயன்பட்டால் விற்பனை அவர் கணக்கில் ஏறும்படி வைத்துவிட்டால் பெரும்பகுதி மீண்டுவிடும். குறியீடு வாயால் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். வேலை செய்துகொண்டே வீடியோவைக் காதால் மட்டும் கேட்பவர்கள் நிறையப் பேர்; அவர்கள் லிங்க்கைத் தொட மாட்டார்கள், ஆனால் ஊர்ப் பெயரோடு சேர்ந்த ஒரு சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

மூன்று, நாள் கணக்கு. நாம் "30 நாள் குக்கி", அதாவது லிங்க்கைத் தொட்டு 30 நாளுக்குள் வாங்கினால் கமிஷன் உண்டு, என்று சொல்லியிருப்போம். ஐபோனின் சஃபாரி, கடைப் பக்கத்துக்குள் ஓடும் ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) வைக்கும் குக்கியை 7 நாளில் அழித்துவிடும். சில சமயம் ஒரே நாளில்கூட. பார்ட்னரின் ரசிகர்களில் ஐபோன்காரர்கள் அதிகம் என்றால் நாம் சொன்ன 30 நாள் அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. அமேசானில் கிளிக்குக்குப் பிறகு 24 மணி நேரம்தான் என்பது பார்ட்னர்களுக்குத் தெரியும், அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. ஏனென்றால் அது முன்கூட்டியே சொன்ன கணக்கு. நாம் 30 என்று சொல்லிவிட்டு 7 கொடுத்தால்தான் மனம் கோணும்.

### 1இ. ஆர்டர் இருக்கிறது, வேறு ஒருவர் பெயரில்

கடைசியாக யார் லிங்க்கைத் தொட்டார்களோ அவருக்கே கமிஷன் என்ற விதி வைத்திருந்தால் இது நடந்தே தீரும். அக்கா பதினைந்து நிமிடம் பொறுமையாக எண்ணெயைக் காய்ச்சிக் காட்டியிருப்பார். வாங்குபவர் கடைசி நொடியில் "கூப்பன் இருக்கா" என்று தேடுவார், ஏதோ ஒரு கூப்பன் தளம் கமிஷனைக் கொண்டுபோய்விடும். பிரவுசரில் போட்டுக்கொள்ளும் கூப்பன் நீட்சிகள் மேலும் இதே புகார்தான். ஹனி என்ற நீட்சி மற்றவர்களின் குக்கியைத் தன் குக்கியால் மாற்றிவிடுகிறது என்று 2024 டிசம்பரில் எழுந்த குற்றச்சாட்டு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதற்குப் பிறகு 2025 மார்ச்சில் கூகுளும் குரோம் நீட்சிகளுக்கான விதியை இறுக்கியது.

செலவில்லாத தீர்வு: கூப்பன் தளங்களுக்குக் கமிஷனைக் குறைத்து வையுங்கள், அல்லது ஒரு பார்ட்னரின் தனிக் குறியீடு பயன்பட்ட ஆர்டரில் அந்தப் பார்ட்னருக்கே முதல் உரிமை என்று விதியில் எழுதுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நியாயம். யார் வாயைக் கேட்டு வாங்கினார்களோ அவருக்குப் போகட்டும்.

### டெவலப்பரைக் கூப்பிட வேண்டிய இடம்

மேலே சொன்னதில் லிங்க், கூப்பன், விதி எல்லாம் நாமே செய்யலாம். யுபிஐ சிக்கலும் ஐபோன் சிக்கலும் நம் கையை மீறியவை. டெவலப்பரிடம் போகும்போது "டிராக்கிங் வேலை செய்யல" என்று சொன்னால் அவர் ஒரு வாரம் தேடுவார், அதற்கும் பில் வரும். இப்படிச் சொல்லுங்கள்: "நன்றிப் பக்கத்தை நம்பாமல், பேமென்ட் கேட்வே பணம் வந்ததென்று வெப்ஹுக் அனுப்பும்போது சர்வரிலிருந்தே விற்பனை பதிவாக வேண்டும். பார்ட்னர் குறியை ஆர்டரோடு சேர்த்து முதலிலேயே சேமிக்க வேண்டும். குக்கியை சர்வர் வைக்க வேண்டும்." கேட்க வேண்டியது இந்த மூன்று வாக்கியம்தான். வெப்ஹுக் என்பது, பணம் வந்ததும் பேமென்ட் கேட்வே நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தி.

சரிசெய்தபின் ஒரு ரூபாய்க்கு ஒரு சோதனைப் பொருள் போட்டு, பார்ட்னரின் லிங்க்கிலேயே யுபிஐயில் நீங்கள் வாங்கிப் பாருங்கள். பார்ட்னரையும் போனில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவர் டேஷ்போர்டில் அந்த ஒரு ரூபாய் ஏறுவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். இதைச் செய்த ஒவ்வொரு தடவையும் எதிர்முனையில் குரல் மாறுவதைக் கேட்டிருக்கிறேன்.

விட்டுப்போன கமிஷன்? கொடுத்துவிடுங்கள். எந்த ஆர்டர் யாருடையது என்று துல்லியமாகத் தெரியாவிட்டால் கிளிக் பதிவையும் ஆர்டர் நேரத்தையும் பொருத்தி, சந்தேகம் வருகிற இடத்தில் பார்ட்னர் பக்கம் சாய்ந்து கணக்குப் போடுங்கள். கடைக்காரர்கள் இதற்கு முதலில் தயங்குவார்கள். அந்த நாலு மாதக் கணக்கில் கடைக்காரரோடு இரண்டு நாள் பேசினேன், கடைசியில் கொடுத்தார். அந்த அக்கா இன்றும் அந்தக் கடைக்குத்தான் வீடியோ போடுகிறார்.

## அறிகுறி 2: "டேஷ்போர்டுல ஒரு தொகை, பேங்குல வேற தொகை"

இது வந்தால் அன்றே பதில் சொல்லுங்கள். லிங்க் பிரச்சினையில் பார்ட்னர் ஒரு வாரம் பொறுப்பார், காசு பிரச்சினையில் பொறுக்க மாட்டார். அவர் வீட்டிலும் மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும்.

### 2அ. வித்தியாசம் பெரிது, பண்டிகை மாதத்தில் வந்தது

ரிட்டர்னைப் பாருங்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்கள் நிறைய விழும். வீட்டில் ஆள் இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று கணிசமான பார்சல்கள் திரும்பி வரும். டேஷ்போர்டு ஆர்டர் விழுந்த அன்றே கமிஷனைக் காட்டிவிட்டு, பின்னால் சத்தமில்லாமல் கழித்தால் பார்ட்னர் கண்ணுக்கு அது திருட்டு மாதிரித்தான் தெரியும். "நிலுவை", "உறுதியானது", "திரும்பியது" என்று மூன்று பத்தியாகப் பிரித்துக் காட்டுங்கள். திரும்பிய ஒவ்வொரு ஆர்டருக்கும் காரணம் ஒரு வரியில் இருக்கட்டும். ஆர்டர் எண்ணின் கடைசி நாலு இலக்கமும் ஊரும் போதும், வாங்குபவரின் பெயர், போன் நம்பர் எதையும் பார்ட்னருக்குக் காட்டக் கூடாது.

### 2ஆ. வித்தியாசம் சின்னது, அல்லது ஒரே ஒரு மாதம் மட்டும் பெரிதாகக் குறைந்தது

டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே நாம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. இதை முன்கூட்டியே சொல்லாததால் உண்டாகும் மனக்கசப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. கமிஷனுக்கான டிடிஎஸ் 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதம். அதற்கு முன் 5 சதவீதமாக இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் ஒருவருக்குக் கொடுக்கும் மொத்தக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும். சிக்கல் தாண்டும் மாதத்தில் வருகிறது, ஏனென்றால் அப்போது மொத்தத் தொகைக்கும் சேர்த்துப் பிடிப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு ஜனவரி வரை 18,000 கொடுத்தாயிற்று, எதுவும் பிடிக்கவில்லை. பிப்ரவரியில் 4,000 வர வேண்டும். மொத்தம் 22,000, அதற்கு 2 சதவீதம் 440. அவர் கைக்கு வருவது 3,560. "போன மாசம் வரைக்கும் முழுசா குடுத்தீங்க, இப்ப என்ன திடீர்னு?" என்று கேட்பார். கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொள்பவர்களும் உண்டு, அவர்களைத்தான் நாம் இழப்போம்.

இன்னும் மோசமான நிலை, அவர் பான் எண் கொடுக்காமல் இருந்தால். அப்போது 20 சதவீதம் பிடிக்க வேண்டும். 22,000-க்கு 4,400. அந்த மாதக் கமிஷன் 4,000 முழுக்கப் போய், மேலும் 400 நிற்கும். ஆகவே சேரும் அன்றே பான் வாங்கிவிடுங்கள். 15,000-ஐத் தொடும்போது "இன்னும் ஐயாயிரம் தாண்டினா டிடிஎஸ் பிடிப்போம், இவ்வளவு பிடிப்போம், நீங்க வருமான வரி ரிட்டர்ன் போட்டா அதுல கழிச்சுக்கலாம்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். பிடித்த பணத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டி (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30), காலாண்டுக்கு ஒருமுறை சான்றிதழைக் கேட்காமலே அனுப்பிவிடுங்கள். பிடித்ததற்குச் சான்றிதழ் வராத பார்ட்னர், நாம் அந்தப் பணத்தை அரசுக்குக் கட்டவே இல்லை என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

### 2இ. தொகை சரி, தேதி தவறுகிறது

மாதம் 10-ஆம் தேதி என்று சொன்னால் 10-ஆம் தேதி. தாமதம் ஆகும் என்று தெரிந்தால் 8-ஆம் தேதியே சொல்லிவிட வேண்டும், 12-ஆம் தேதி அவர் கேட்ட பிறகு சொல்லிப் பயனில்லை. குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் அனுப்புவோம் என்ற விதி இருந்தால் அதை 500-க்கு மேல் வைக்காதீர்கள். புதிதாக வருபவருக்கு முதல் பணம் கைக்கு வருவதுதான் பெரிய விஷயம். 2,000 சேரட்டும் என்று காத்திருந்தால் அவர் அதற்குள் போய்விடுவார்.

### ஆடிட்டரிடம் போக வேண்டிய இடம்

உங்கள் கடை டிடிஎஸ் பிடிக்கக் கடமைப்பட்டதா என்பதே முதல் கேள்வி. தனிநபர் பெயரில் நடக்கும் வணிகம் என்றால் முந்தைய நிதியாண்டின் விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டியிருந்தால்தான் இந்தக் கடமை வரும்; நிறுவனம், கூட்டு வணிகம் என்றால் கணக்கு வேறு. கமிஷனோடு சேர்த்து வீடியோவுக்குத் தனிக் கட்டணமும் கொடுக்கிறீர்கள் என்றால் பிரிவு மாறலாம். பார்ட்னர் ஜிஎஸ்டி பில் போட்டுக் கொடுத்தால் கமிஷனுக்கு மேல் 18 சதவீதமா, உள்ளடங்கியா என்று சண்டை வரும். கமிஷன் டிடிஎஸ்ஸுக்கான பிரிவு பழைய வருமான வரிச் சட்டத்தில் 194எச் என்று இருந்தது, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் வேறு. இவற்றை யூடியூப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். ஒருமுறை ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசி, அவர் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாப் பார்ட்னருக்கும் கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது.

## அறிகுறி 3: நன்றாக விற்றவர் சத்தமில்லாமல் நின்றுவிட்டார்

புகார் செய்பவர் இன்னும் நம்மோடு இருக்கிறார். அமைதியானவர் பாதி போய்விட்டார். மாதம் பத்துப் பதினைந்து ஆர்டர் கொண்டுவந்தவர் இரண்டு மாதமாக ஒன்றும் கொண்டுவரவில்லை என்றால் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். போன் பண்ணுங்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்.

அவர் லிங்க் போகும் பொருள் ஸ்டாக்கில் இருக்கிறதா? ஒரு தடவை கோவையிலிருந்து வீட்டுக் குறிப்பு எழுதும் ஒருவர் இப்படி நின்றுபோனார். அவர் பரிந்துரைத்தது சென்னிமலையின் ஒரு குறிப்பிட்ட கட்டம் போட்ட டபுள் போர்வை. அந்தத் தறிக்காரர் உடம்பு சரியில்லாமல் இருந்ததால் ஏழு வாரம் அது வரவில்லை. அவர் வாசகர்கள் "ஸ்டாக் இல்லைன்னு வருது" என்று அவரிடம்தான் கேட்டிருக்கிறார்கள், பதில் சொல்லி அலுத்து லிங்க்கை எடுத்துவிட்டார். நாம் ஒரு வரி சொல்லியிருந்தால் வேறு நிறத்துக்கு மாற்றியிருப்பார். இப்போது எந்தப் பொருள் தீர்ந்தாலும், அதற்கு லிங்க் வைத்திருப்பவர்களுக்கு அன்றைக்கே செய்தி போகிறது, மாற்றுப் பொருளின் லிங்க்கோடு.

அடுத்தது, சமீபத்தில் கமிஷன் விகிதத்தைக் குறைத்தீர்களா? 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் வீட்டுப் பொருள்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 ஆக இறக்கியது, அதுவும் ஒரே வார அவகாசத்தில். அமேசான் அளவு பெரியதாக இருந்தால் பார்ட்னர்கள் முணுமுணுத்துவிட்டு இருந்துவிடுவார்கள். சின்னக் கடையிடம் அப்படி இருக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. குறைத்தே ஆக வேண்டுமென்றால் குறைந்தது 30 நாள் முன்பே சொல்லுங்கள், காரணத்தோடு. எள் விலை ஏறிவிட்டது, கூரியர் கூடிவிட்டது என்றால் அதையே சொல்லுங்கள். பழையவர்களுக்குப் பழைய விகிதத்தை இன்னும் ஆறு மாதம் வைத்திருக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

இரண்டும் இல்லையென்றால் போனில் நேராகக் கேளுங்கள். "ரெண்டு மாசமா உங்ககிட்டருந்து ஒண்ணும் வரலீங்க, எங்க பக்கம் ஏதாவது தப்பு நடந்துச்சா?" என்று தொடங்கினால் உண்மை வரும். "ஏன் போடல?" என்று கேட்டால் சாக்குதான் வரும். குழந்தை பிறந்திருக்கும், வேறு வேலை கிடைத்திருக்கும், வேறு கடை அதிகம் கொடுத்திருக்கும். வேறு கடை என்றால் அவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த இடத்திலேயே பேரம் பேச வேண்டாம். வீட்டு விஷயம் என்றால் நலம் விசாரித்துவிட்டு விடுங்கள். ஒரு கிலோ புது நாட்டுச்சர்க்கரை அனுப்புவதற்கு ஆகும் செலவு பெரிதில்லை.

## அறிகுறி 4: சேர்ந்தார், மூன்று மாதமாக ஒரு விற்பனைகூட இல்லை

கிளிக் இல்லை என்றால் அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பொருளைக் கையில் தொட்டுப் பார்க்காதவரால் அதைப் பற்றிப் பேச முடியாது. ஒரு மாதிரிப் பொருள் அனுப்புங்கள். கூடவே அவரே எடுத்துக்கொள்ளும்படி நாலு நல்ல படம், ஜமக்காளத்தை எப்படித் துவைப்பது என்ற குறிப்பு, அடிக்கடி வரும் பத்துக் கேள்விக்குப் பதில்.

கிளிக் நிறைய, விற்பனை இல்லை என்றால் முதலில் அறிகுறி 1-ஐ ஓட்டிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் அவர் ரசிகர்களுக்கும் உங்கள் பொருளுக்கும் ஒத்துவரவில்லை. மொபைல் ஆஃபர் போடும் டெலிகிராம் சேனலில் 2,400 ரூபாய் ஜமக்காளம் போகாது. அதை அவரிடம் மரியாதையாகச் சொல்லிப் பிரிந்துகொள்ளலாம். இதற்கு நிபுணர் யாரும் தேவையில்லை.

## அறிகுறி 5: ஒருவர் விற்பனை திடீரென்று எகிறுகிறது, ஆனால் கடையின் மொத்த விற்பனை ஏறவில்லை

இதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம். ஆனாலும் படிப்படியாகப் போங்கள்.

எளிய காரணம்: அவர் வீடியோ ஒன்று பிடித்துக்கொண்டது, அதே வாரத்தில் மற்ற வழிகளில் விற்பனை இறங்கியது. சேனலைப் போய்ப் பாருங்கள். உண்மையாக இருந்தால் பாராட்டி ஒரு போன் போடுங்கள்.

அடுத்தது, கடைப் பெயரிலேயே விளம்பரம். கூகுளில் உங்கள் கடைப் பெயரை வேறு வேறு ஊரிலிருந்து, வேறு வேறு நேரத்தில் தேடச் சொல்லுங்கள், முக்கியமாக ராத்திரி பதினொன்றுக்கு மேல். மேலே வரும் விளம்பரம் பார்ட்னர் லிங்க் வழியாகப் போகிறதென்றால், தானாகவே உங்களைத் தேடி வந்தவரை அவர் வழியில் மறித்துக் கமிஷன் எடுக்கிறார். உங்கள் விதியில் இது கூடாது என்று எழுதியிருக்கிறீர்களா? எழுதவில்லை என்றால் அவர் மேல் தப்பில்லை. எழுதிவிட்டு, நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், தானே வாங்குவது. ஒரே முகவரிக்குப் பல ஆர்டர், அல்லது கேஷ் ஆன் டெலிவரியாகப் போட்டுத் திருப்பி அனுப்புவது. கமிஷன் டெலிவரிக்குப் பிறகுதான் உறுதியாகும் என்று வைத்தாலே இரண்டாவது நின்றுவிடும். பார்ட்னர் தன் வீட்டுக்குத் தன் லிங்க்கில் வாங்குவதை நான் அனுமதிக்கிறேன், வீட்டில் பயன்படுத்துபவர்தான் நன்றாகப் பேசுவார்.

கடைசியாக, குக்கியைத் திணிப்பது: யாரும் லிங்க்கைத் தொடாமலே ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லோர் போனிலும் குக்கி பதிவது. கிளிக் ஆயிரக்கணக்கில் இருக்கும், கடையில் அவர்கள் நின்ற நேரம் பூஜ்யமாக இருக்கும். ஈபே நிறுவனம் தன் மிகப்பெரிய அஃபிலியேட்டுகள் இருவர் மேல் 2008-ல் இதற்காக வழக்குத் தொடுத்தது. அது குற்ற வழக்காகவும் மாறி 2014-ல் இருவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது.

இந்த நிலைக்கு வந்தால் கமிஷனை நிறுத்தி வைத்து, காரணத்தை எழுத்தில் தெரிவித்து, பதில் சொல்ல அவருக்கு ஒரு வாரம் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரைப் போடாதீர்கள்; தப்பாக இருந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. தொகை பெரிது, பதிவுகள் தெளிவாக இருக்கின்றன என்றால் வக்கீல். பணம் உங்கள் கணக்கிலிருந்து ஏமாற்றி எடுக்கப்பட்டிருந்தால் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930.

## அறிகுறி 6: "அவங்க சொன்னதை நம்பித்தான் வாங்கினேன்" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார்

வீடியோவை முழுதாகப் பாருங்கள். பெரும்பாலும் விலையோ அளவோ பழையதாக இருக்கும். ஒரு லிட்டர் விலையை நாம் ஏற்றியிருப்போம், வீடியோவில் பழைய விலை ஓடிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளருக்குப் பழைய விலைக்கே கொடுத்துவிட்டு, பார்ட்னருக்குப் புது விலையை அனுப்புங்கள். வீடியோவில் விலையே சொல்ல வேண்டாம், கீழே லிங்க்கில் பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டால் அடுத்த தடவை வராது.

பார்ட்னர் இது விளம்பரம் என்று சொல்லவில்லை என்றால் பிரச்சினை அவருக்கும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 நெறிமுறையும், 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை சமூக ஊடகத்தில் பரிந்துரைப்பவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டியும், பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைத் தெளிவாகச் சொல்லச் சொல்கின்றன. பரிந்துரை எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே, வீடியோ என்றால் படத்திலும் பேச்சிலும். கீழே விவரக் குறிப்பில் ஒரு ஆங்கிலச் சொல்லை ஒளித்து வைத்தால் போதாது. அபராதம் 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகலாம். பரிந்துரைப்பவருக்கு ஒரு வருடம் வரை தடையும் விதிக்கலாம். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லாமல், அவர் அப்படியே படிக்கும்படி ஒரு வாக்கியம் எழுதிக் கொடுங்கள்: "இந்த லிங்க்ல நீங்க வாங்கினா எனக்கு ஒரு சின்ன கமிஷன் வரும், உங்களுக்கு விலை கூடாது." என் பார்ட்னர்கள் பலர் இதை வீடியோவின் முதல் நிமிடத்திலேயே சொல்கிறார்கள். விற்பனை குறையவில்லை.

எண்ணெய், சிறுதானியம் விற்கும் கடையென்றால் இன்னொன்றும் தேடுங்கள்: "சர்க்கரை நோய் குணமாகும்", "மூட்டு வலி போய்விடும்" மாதிரி வார்த்தைகள். ஆர்வத்தில் சொல்லிவிடுவார்கள், கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டமே தடுக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் உண்டு. அன்றே பார்ட்னரைக் கூப்பிட்டு, எத்தனையாவது நிமிடம், எந்த வாக்கியம் என்று சொல்லி அதை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். யூடியூபில் வீடியோவை எடுக்காமலே அந்தத் துண்டை மட்டும் வெட்டலாம், பார்வை எண்ணிக்கை அப்படியே இருக்கும். அது தெரியாமல்தான் பலர் மறுக்கிறார்கள். யாராவது அந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னாலோ, ஏதாவது துறையிலிருந்து நோட்டீஸ் வந்தாலோ, நீங்களும் பார்ட்னரும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டாம். இருவரும் ஒரே வக்கீல் முன்னால், அந்த வீடியோவையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.